வகையீட்டு வடிவியல் முதன்முறை: எட்டுப் பரப்புகளும் ஒரு நோட்டும்

பி.எஸ்சி. கடைசி ஆண்டிலோ எம்.எஸ்சி. தொடக்கத்திலோ வகையீட்டு வடிவியல் தாளை எடுப்பவர்கள் பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது வாரத்தில் தடுமாறுவார்கள். கணக்கு அவ்வளவு கடினம் என்பதால் அல்ல. வளைவரை முடிந்து பரப்பு தொடங்கியதும் முதல் அடிப்படை வடிவம், இரண்டாம் அடிப்படை வடிவம், வடிவ ஆபரேட்டர், கிறிஸ்டஃபெல் குறியீடுகள் என்று வரையறை மேல் வரையறையாக வந்து குவியும். ஒவ்வொன்றும் தனித்தனியே புரிந்த மாதிரி இருக்கும். ஒரு பரப்பைக் கொடுத்து "இதன் வளைமை என்ன?" என்று கேட்டால் மட்டும் பேனா நகராது.

இதற்குக் கைகண்ட வழி ஒன்று உண்டு. எட்டே எட்டுப் பரப்புகளை எடுத்துக்கொண்டு, பாடத்தில் புதிதாக எது வந்தாலும் அதை அந்த எட்டிலும் கையால் போட்டுப் பார்ப்பது. தளம், உருளை, கூம்பு, கோளம், டோரஸ், கேட்டனாய்டு, ஹெலிகாய்டு, சூடோஸ்பியர். நீளமான நோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வொரு பரப்புக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். செமஸ்டர் முழுக்க அந்தப் பக்கங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்ப வேண்டும். கடைசியில் அந்தப் பதினாறு பக்கங்களே உங்கள் தேர்வுத் தயாரிப்பு.

கீழே சூத்திரங்களில் குறியீடுகளை வகுப்பில் வாயால் படிக்கிற மாதிரியே எழுதியிருக்கிறோம்: ஈ, எஃப், ஜி, எல், எம், என் என்று.

தொடங்கும் முன் ஒரு மாலை

முன்தேவை என்று பாடத்திட்டத்தில் நீளமான பட்டியல் இருக்கும். உண்மையில் வேண்டியது ஐந்து விஷயங்கள். பல மாறிகளின் சங்கிலி விதி, குறுக்குப் பெருக்கல், 2×2 அணியின் ஐகன் மதிப்புகள், நேர்மாறு சார்புத் தேற்றம், சாதாரண வகைக்கெழுச் சமன்பாட்டுக்குத் தீர்வு உண்டு, அது ஒன்றே என்று சொல்லும் பிக்கார்டு தேற்றம். கடைசி இரண்டின் நிரூபணம் இப்போதைக்கு வேண்டாம். அவை என்ன சொல்கின்றன, எந்த நிபந்தனையில் சொல்கின்றன என்று பிழையில்லாமல் எழுதத் தெரிந்தால் போதும்.

தயாரா என்று பார்க்க இரண்டு சிறு கணக்குகள். ஒன்று: அலகு நீளமுள்ள வெக்டர் ஒன்று நேரத்தோடு மாறுகிறது; அதன் வகைக்கெழு அந்த வெக்டருக்குச் செங்குத்து என்று காட்டுங்கள். தன்னோடு தன் புள்ளிப் பெருக்கல் 1 என்பதை வகையிட்டால் ஒரே வரியில் முடிந்துவிடும். இந்த ஒரு வரி பாடம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். வளைவரையின் முதன்மைச் செங்கோடு ஏன் தொடுகோட்டுக்குச் செங்குத்து, பரப்பின் செங்குத்து வெக்டரை வகையிட்டால் விடை ஏன் தொடுதளத்திலேயே விழுகிறது, எல்லாம் இதுவே. இரண்டு: இரு வெக்டர்களின் குறுக்குப் பெருக்கலின் நீளத்தின் வர்க்கம், நீளங்களின் வர்க்கப் பெருக்கலிலிருந்து புள்ளிப் பெருக்கலின் வர்க்கத்தைக் கழித்ததற்குச் சமம். பின்னால் பரப்பளவுக் கணக்கில் ஈ·ஜி − எஃப்² என்று வருவது இதுதான். இரண்டும் பத்து நிமிடத்தில் வரவில்லை என்றால் வெக்டர் நுண்கணிதத்தை ஒரு வாரம் புரட்டிவிட்டு வாருங்கள். அந்த ஒரு வாரம் பின்னால் மூன்று வாரத்தை மிச்சப்படுத்தும்.

வளைவரைகள்: முதல் மூன்று வாரம்

இங்கே வேண்டியது வளைமையும் முறுக்கமும். வளைமை, வளைவரை தன் தொடுகோட்டை விட்டு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதற்கான அளவு. முறுக்கம், அது தான் கிடக்கும் தளத்தை விட்டு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதற்கான அளவு. ஃபிரெனே 1847-இலும் செரே 1851-இலும் தனித்தனியே கண்ட சமன்பாடுகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டுகின்றன.

முதலில் சுருள்வில்லைப் போட்டுப் பாருங்கள்: (3 கொசைன் டி, 3 சைன் டி, 4 டி). வேகம் √(9 + 16) = 5. வளைமை 3/25, முறுக்கம் 4/25. மாணவர்கள் வழக்கமாக எழுதும் விடை வளைமை = 3. ஏன்? இரண்டாம் வகைக்கெழுவின் நீளம் 3. அதையே வளைமை என்று எழுதிவிடுகிறார்கள். அது வேகம் 1 ஆக இருந்தால் மட்டுமே சரி. இங்கே வேகம் 5 என்பதால் 25 ஆல் வகுக்க வேண்டும்.

புத்தகம் எல்லாத் தேற்றத்தையும் வில் நீளத்தைத் துணையலகாகக் கொண்டே சொல்லும். அதனால் கணக்கிலும் முதலில் வில் நீளத்துக்கு மாற்ற வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நீள்வட்டத்துக்கே அந்தத் தொகையிடல் அடிப்படைச் சார்புகளில் முடியாது. தேற்றத்துக்கு வில் நீளம், கணக்குக்குக் கொடுத்த துணையலகு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கணக்குக்கான சூத்திரங்கள் (ஆர் என்பது வளைவரையின் நிலை வெக்டர், மேல்கோடுகள் அதன் வகைக்கெழுக்கள்):

வளைமை = |ஆர்′ × ஆர்″| ÷ |ஆர்′|³

முறுக்கம் = (ஆர்′ × ஆர்″)·ஆர்‴ ÷ |ஆர்′ × ஆர்″|²

(டி, டி², டி³) என்ற வளைவரைக்கு டி = 1-இல் போட்டுப் பாருங்கள். ஆர்′ = (1, 2, 3), ஆர்″ = (0, 2, 6), ஆர்‴ = (0, 0, 6). குறுக்குப் பெருக்கல் (6, −6, 2), அதன் நீளத்தின் வர்க்கம் 76. முறுக்கம் 12/76, அதாவது 3/19. டி = 0-இல் வளைமை 2, முறுக்கம் 3 என்று வர வேண்டும். வரவில்லை என்றால் பிழை அநேகமாகக் குறுக்குப் பெருக்கலின் நடு உறுப்பின் குறியில் இருக்கும்.

குறி பற்றி ஒரு எச்சரிக்கை. பல புத்தகங்கள் இருசெங்கோட்டின் (தொடுகோடு, முதன்மைச் செங்கோடு இரண்டுக்கும் செங்குத்தான அலகு வெக்டர்) வகைக்கெழுவை "மைனஸ் முறுக்கம் × முதன்மைச் செங்கோடு" என்று எழுதும். டோ கார்மோவின் பாடநூலில் அந்த மைனஸ் இல்லை. ஆகவே மேலே சொன்ன சுருள்வில்லுக்கு அங்கே −4/25 என்று வரும். இரண்டுமே சரிதான். ஒரு புத்தகத்தில் படித்து இன்னொன்றில் விடை சரிபார்ப்பவர்கள் இந்த ஒரு குறியில் ஒரு நாள் முழுக்கத் தொலைப்பதுண்டு. நோட்டின் முதல் பக்கத்திலேயே உங்கள் ஆசிரியர் எந்தக் குறியைப் பின்பற்றுகிறார் என்று எழுதி வையுங்கள்.

வளைமை சுழியாகும் புள்ளியில் முதன்மைச் செங்கோடே கிடையாது, முறுக்கமும் கிடையாது. இது வெறும் சம்பிரதாய நிபந்தனை அல்ல. டி நேர் எண்ணாக இருக்கும்போது (டி, 0, ஹெச்), குறை எண்ணாக இருக்கும்போது (டி, ஹெச், 0), தொடக்கப் புள்ளியில் சுழி என்று ஒரு வளைவரை எடுங்கள். ஹெச் என்பது ஈ-அடுக்குச் சார்பின் அடுக்கில் −1/டி² வைத்தது. இது எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடக்கூடியது. முறுக்கம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் சுழி. ஆனாலும் வளைவரை பாதி ஒரு தளத்திலும் பாதி இன்னொரு தளத்திலும் கிடக்கிறது. "முறுக்கம் சுழி என்றால் தள வளைவரை" என்ற தேற்றத்தில் "வளைமை எங்கும் சுழியல்ல" என்ற சொற்றொடரை விட்டால் மதிப்பெண் போவது இதனால்தான்.

பரப்பும் அதன் மேல் நடக்கும் எறும்பும்

பரப்பை இரண்டு துணையலகுகளால், யு, வி என்று, எழுதுகிறோம். அவற்றைப் பொறுத்த பகுதி வகைக்கெழுக்கள் இரண்டும் தொடுதளத்தைத் தாங்கும் வெக்டர்கள். அவற்றின் குறுக்குப் பெருக்கல் சுழியாகாத இடத்தில்தான் அந்த எழுத்துமுறை செல்லும். கோளத்தை வழக்கமான கோணங்களால் எழுதினால் இரு துருவங்களிலும் அது சுழியாகிவிடும். அங்கே கெட்டது கோளமல்ல, நாம் எழுதிய முறை. கூம்பின் உச்சியில் உண்மையிலேயே பரப்பே கெடுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

அந்த வெக்டர்களின் புள்ளிப் பெருக்கல்கள் மூன்றுதான் ஈ, எஃப், ஜி. முதல் அடிப்படை வடிவம் என்று கனமான பெயர். பரப்பின் மேல் ஊரும் எறும்பு ஒன்று, பரப்பை விட்டு வெளியே எட்டிப் பார்க்காமல், நீளமும் கோணமும் பரப்பளவும் அளக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் இந்த மூன்று எண்களில் இருக்கிறது. கோளத்துக்கு (ஆரம் ஆர், யு வட துருவத்திலிருந்து அளந்த கோணம்) ஈ = ஆர்², எஃப் = 0, ஜி = ஆர்² சைன்² யு. எட்டுப் பரப்புகளுக்கும் இதைப் போட்டு முடியுங்கள். நான்கு மணி நேர வேலை. கேட்டனாய்டை (காஷ் வி கொசைன் யு, காஷ் வி சைன் யு, வி) என்றும் ஹெலிகாய்டை (சைன்ஷ் வி கொசைன் யு, சைன்ஷ் வி சைன் யு, யு) என்றும் எழுதினால் இரண்டுக்குமே ஈ = ஜி = காஷ்² வி, எஃப் = 0 வரும். பார்வைக்கு ஒன்று உடுக்கையின் இடுப்பு, மற்றது சுழல் படிக்கட்டு. எறும்புக்கு இரண்டும் ஒன்றே. இந்த வரியைக் கட்டம் கட்டி வையுங்கள், மூன்று வாரம் கழித்து வேண்டும்.

வடிவ ஆபரேட்டர்: தவறு நடக்கும் இடம்

இரண்டாம் அடிப்படை வடிவம் எல், எம், என். இரண்டாம் பகுதி வகைக்கெழுக்களை அலகுச் செங்குத்து வெக்டரோடு புள்ளிப் பெருக்கினால் கிடைப்பவை. எறும்புக்குத் தெரியாத, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மட்டும் தெரிகிற வளைவை இவை சொல்கின்றன.

இங்கே அதிகம் நடக்கும் பிழை, எல், எம், என் அணியின் ஐகன் மதிப்புகளையே முதன்மை வளைமைகள் (ஒரு புள்ளியில் பரப்பின் மிகப் பெரிய, மிகச் சிறிய வளைமைகள்) என்று எழுதுவது. இசட் = எக்ஸ்·ஒய் என்ற சேணப் பரப்பில் (1, 0) புள்ளியை எடுங்கள். ஈ = 1, எஃப் = 0, ஜி = 2. எல் = என் = 0, எம் = 1/√2. இரண்டாம் வடிவத்தின் அணிக்கு மட்டும் ஐகன் மதிப்பு போட்டால் ±1/√2 வரும். அது தவறு. முதல் வடிவ அணியின் நேர்மாறால் இடப்பக்கம் பெருக்க வேண்டும்; அப்படிக் கிடைப்பதே வடிவ ஆபரேட்டரின் அணி. அப்போது மேல் வரிசை 0, 1/√2. கீழ் வரிசை 1/(2√2), 0. அணி சமச்சீராக இல்லையே என்று பயப்பட வேண்டாம். நாம் எடுத்த அடிவெக்டர்கள் அலகு நீளத்தில் இல்லாததால் அப்படித்தான் வரும். ஐகன் மதிப்புகள் ±1/2. காஸ் வளைமை (இரண்டின் பெருக்கல்) −1/4, சராசரி வளைமை (இரண்டின் சராசரி) 0. நேரடிச் சூத்திரமும் அதையே தரும்:

காஸ் வளைமை = (எல்·என் − எம்²) ÷ (ஈ·ஜி − எஃப்²) = (−1/2) ÷ 2

குறி விஷயம் இங்கேயும் உண்டு. கோளத்துக்கு வெளிநோக்கிய செங்குத்தை எடுத்தால் எல் = −ஆர் வரும், முதன்மை வளைமைகள் இரண்டும் −1/ஆர். உள்நோக்கி எடுத்தால் +1/ஆர். சராசரி வளைமை குறி மாறும், காஸ் வளைமை மாறாது. விடைத்தாளில் எந்தப் பக்கச் செங்குத்து என்று ஒரு வரி எழுதிவிட்டே தொடங்குங்கள்.

டோரஸுக்கு உளுந்து வடையைவிட நல்ல மாதிரி கிடையாது. துளையின் நடுவிலிருந்து மாவு வளையத்தின் நடு வரை 2.5 செ.மீ., வளையத்தின் தடிமன் ஆரம் 1.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். யு என்பது வளையத்தின் குறுக்குவெட்டில் வெளி விளிம்பிலிருந்து அளக்கும் கோணம். காஸ் வளைமை:

கொசைன் யு ÷ [1.5 × (2.5 + 1.5 கொசைன் யு)]

வெளி விளிம்பில் 1/6, அதாவது சதுர செ.மீ.-க்கு 0.17. துளையின் உள் விளிம்பில் −2/3. வடையைத் தட்டில் வைத்தால் தட்டைத் தொடும் வட்டத்திலும், அதற்கு நேர் மேலே உள்ள வட்டத்திலும் சுழி. விரலை வெளி விளிம்பில் வைத்தால் இரு திசையிலும் பரப்பு விரலை விட்டு ஒரே பக்கமாக வளைந்து போகிறது. துளைக்குள் விட்டால் ஒரு திசையில் விரலைச் சுற்றி வருகிறது, மறு திசையில் விலகிப் போகிறது. நேர் வளைமை, குறை வளைமை என்பதை ஒரு முறை விரலால் உணர்ந்துவிட்டால் பிறகு குறி தவறாது. பரப்பளவுக் கூறு 1.5 × (2.5 + 1.5 கொசைன் யு) என்பதால் வளைமையை அதனால் பெருக்கியதும் பகுதி அடிபட்டு வெறும் கொசைன் யு மட்டும் நிற்கும். வெளிப் பாதியின் மொத்த வளைமை 4π, உட்பாதி −4π, மொத்தம் சுழி. வெளிப் பாதிக்கு ஏன் சரியாக ஒரு முழுக் கோளத்தின் 4π வருகிறது என்று யோசியுங்கள். அங்கே செங்குத்து வெக்டர்கள் எல்லாத் திசைகளையும் ஒரு முறை சுட்டி முடிக்கின்றன.

பாடத்தின் உயிர்நாடி

1827-இல் காஸ் கண்டது இது: காஸ் வளைமையை வரையறுக்க எல், எம், என் தேவைப்பட்டாலும், அதைக் கணக்கிட ஈ, எஃப், ஜி-யும் அவற்றின் வகைக்கெழுக்களுமே போதும். வெளியே எட்டிப் பார்க்காத எறும்பால் தன் பரப்பின் வளைமையைக் கண்டுபிடித்துவிட முடியும். தேற்றத்துக்கு அவர் இட்ட லத்தீன் பெயரின் பொருள் "தனிச்சிறப்பான தேற்றம்". கணிதத்தில் இதற்கு இணையாக வியக்கவைக்கும் முடிவுகள் மிகச் சிலவே. அவசரமாகக் கடந்து போகாதீர்கள், முழுதாக இரண்டு வாரம் கொடுங்கள்.

முதலில் கையால். ஏ4 தாள் ஒன்றின் குறுகிய ஓரத்தைப் பிடித்துக் கிடையாக நீட்டினால் மறுமுனை தொங்கிவிடும். பிடித்த ஓரத்தைக் கூரைத் தகரம் போலக் குழிவாக வளைத்தால் தாள் விறைத்து நிற்கும். தாளின் காஸ் வளைமை சுழி. அது நீளாமலும் கிழியாமலும் இருக்கும்வரை அப்படியே இருந்தாக வேண்டும். முதன்மை வளைமைகளின் பெருக்கல்தான் காஸ் வளைமை என்பதால், ஒரு திசையில் வளைத்துவிட்டால் மற்றது சுழியாக, நேராக, நின்றே ஆக வேண்டும். கடலைப் பொட்டலம் செய்யக் காகிதம் மடிப்பே விழாமல் கூம்பாகச் சுருள்கிறது. அதே காகிதத்தால் லட்டு ஒன்றைச் சுருக்கமில்லாமல் சுற்ற யாராலும் முடியாது. காரணம் அதே தேற்றம்.

பிறகு கணக்கால். பொதுச் சூத்திரம் நீளமானது, மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஈ = 1, எஃப் = 0, ஜி = எச்² என்று வரும்படி துணையலகை எடுத்துக்கொண்டால் அது இப்படிச் சுருங்கும்:

காஸ் வளைமை = −எச்-இன் யு பற்றிய இரண்டாம் வகைக்கெழு ÷ எச்

எச் = யு என்றால் துருவ ஆயங்களில் எழுதிய தளம்: இரண்டாம் வகைக்கெழு சுழி, வளைமை 0. எச் = சைன் யு என்றால் ஆரம் 1 கொண்ட கோளம்: வளைமை +1. எச் = அடுக்கில் −யு கொண்ட ஈ-அடுக்குச் சார்பு என்றால் சூடோஸ்பியர்: வளைமை −1. மூன்று வரியில் மூன்று வடிவியல்கள் வந்துவிட்டன. சூடோஸ்பியருக்கு ஓரம் ஒன்று இருப்பதைக் கவனியுங்கள். அதைத் தாண்டி அழகாக நீட்டிக்க முடியாது. மாறாக் குறை வளைமையுள்ள முழுமையான பரப்பை முப்பரிமாணத்தில் வைக்கவே முடியாது என்று ஹில்பர்ட் 1901-இல் நிறுவினார்.

இப்போது கட்டம் கட்டி வைத்த கேட்டனாய்டு-ஹெலிகாய்டு வரிக்குத் திரும்புங்கள். ஈ, எஃப், ஜி ஒன்றே என்பதால் காஸ் வளைமையும் ஒன்றாக, −1/காஷ்⁴ வி என்று, வந்தாக வேண்டும். இரண்டுக்கும் எல், எம், என் வழியாகவும் போட்டுச் சரிபாருங்கள்.

இதன் மறுதலை உண்மை என்று எழுதுவது தேர்வில் அடிக்கடி விழும் பிழை. (யு கொசைன் வி, யு சைன் வி, லாக் யு) என்ற பரப்புக்கும் (யு கொசைன் வி, யு சைன் வி, வி) என்ற ஹெலிகாய்டுக்கும் ஒத்த புள்ளிகளில் வளைமை ஒன்றே: −1/(1 + யு²)². ஆனால் ஈ முதலாவதற்கு 1 + 1/யு², இரண்டாவதற்கு 1. அந்தப் புள்ளிப் பொருத்தம் நீளத்தைக் காப்பதில்லை. வளைமை ஒத்திருப்பது தேவையான நிபந்தனை மட்டுமே.

ஜியோடெசிக்குகள்

பரப்பின் மேல் "நேராக" நடப்பதன் பெயர் ஜியோடெசிக். இங்கே எல்லோரையும் மிரட்டுவது ஜியோடெசிக் சமன்பாட்டில் கெழுக்களாக வரும் கிறிஸ்டஃபெல் குறியீடுகள். நேரடிச் சூத்திரத்தில் போட்டால் ஒரு பரப்புக்கு ஆறு கணக்குகள், ஒவ்வொன்றிலும் குறி தவற வாய்ப்பு. இதைவிட நல்ல வழி: வேகத்தின் வர்க்கத்தை எழுதி, அதற்கு ஆய்லர்-லக்ராஞ்சு சமன்பாட்டைப் போட்டு, குறியீடுகளை விடையிலிருந்து படித்துக்கொள்வது.

ஆரம் 1 உள்ள கோளத்துக்கு வேகத்தின் வர்க்கம் தீட்டா′² + சைன்² தீட்டா · ஃபை′². இதிலிருந்து வருபவை:

தீட்டா″ − சைன் தீட்டா கொசைன் தீட்டா ஃபை′² = 0

ஃபை″ + 2 காட் தீட்டா · தீட்டா′ ஃபை′ = 0

முதல் சமன்பாட்டிலிருந்து குறியீடு −சைன் தீட்டா கொசைன் தீட்டா. இரண்டாவதிலிருந்து காட் தீட்டா, 2 காட் தீட்டா அல்ல. அந்த 2, தீட்டா-ஃபை, ஃபை-தீட்டா என்ற இரண்டு சம உறுப்புகள் கூடியதால் வந்தது. பாதியாக்க மறப்பது வழக்கமான தவறு, அது வளைமைக் கணக்கு வரை தொடர்ந்து வந்து கெடுக்கும். சரிபார்க்க: தீட்டா 90 பாகையில் மாறாமல் நின்றால் முதல் சமன்பாடு நிறைவேறுகிறது, நிலநடுக்கோடு ஜியோடெசிக். 60 பாகையில் நிறைவேறவில்லை, ஆகவே மற்ற அட்சக் கோடுகள் ஜியோடெசிக்குகள் அல்ல.

கூம்பின் ஜியோடெசிக்கைப் பார்க்கப் பொட்டலக் காகிதத்தைப் பிரித்துத் தரையில் விரித்து, அளவுகோலால் ஒரு நேர்கோடு போட்டு, மறுபடி சுருட்டுங்கள். விரித்த காகிதம் உச்சியில் 180 பாகைக்குக் குறைவான கோணம் கொண்டதாக இருந்தால், உச்சி வழியாகப் போகாத ஜியோடெசிக் எதையும் இரு பக்கமும் போதுமான தூரம் நீட்டினால் தன்னையே வெட்டிக்கொள்ளும். (காகிதத்தின் ஓரத்தை அடைந்த கோட்டை எதிர் ஓரத்தில் அதே தூரத்திலிருந்து தொடர வேண்டும்.) ஜியோடெசிக் என்றால் மிகக் குறுகிய பாதை என்று மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். அருகருகே உள்ள புள்ளிகளுக்கு மட்டும்தான் அது மிகக் குறுகியது.

காஸ்-பொன்னே

முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகைக்கு மேல் எவ்வளவு போகிறதோ, அது உள்ளே அடங்கிய மொத்த வளைமைக்குச் சமம். பக்கங்கள் ஜியோடெசிக்குகளாக இருக்க வேண்டும், கோணம் ரேடியனில் இருக்க வேண்டும். கோளத்தை எட்டாக வெட்டிய துண்டில் மூன்று செங்கோணங்கள், உபரி π/2. பரப்பளவு 4πஆர்²-இல் எட்டில் ஒரு பங்கு, வளைமை 1/ஆர்², பெருக்கினால் π/2. ஒரு ஆரஞ்சின் காம்பில் தீக்குச்சியைத் தொடுதளத்தில் படுக்க வைத்து, அந்த மூன்று ஓரங்கள் வழியாக, ஓரத்தோடு அது கொண்ட கோணம் மாறாமல் நகர்த்தித் திரும்பக் காம்புக்குக் கொண்டுவாருங்கள். குச்சி சரியாக 90 பாகை திரும்பியிருக்கும். இணை நகர்த்தல் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பூமியில் இந்த உபரி எவ்வளவு? ஜெர்மனியில் காஸ் அளந்த ஹோஹன்ஹாகன், புரோக்கன், இன்செல்ஸ்பெர்க் மலைகளின் முக்கோணத்துக்குப் பக்கங்கள் சுமார் 69, 85, 107 கி.மீ. பரப்பளவு ஏறக்குறைய 2,930 சதுர கி.மீ. அதைப் பூமியின் ஆரம் 6,371-இன் வர்க்கத்தால் வகுத்தால் 0.0000722 ரேடியன், ஒரு ரேடியனில் 206265 விகலை (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) என்பதால் அதனால் பெருக்கினால் 15 விகலைக்குச் சற்றுக் குறைவு. 1827 கட்டுரையில் காஸ் தருவதும் 14.85 விகலை. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவையிலும் பெரிய முக்கோணங்களுக்கு இந்த உபரியைக் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. இந்தக் கணக்கை ஒரு முறை சொந்தக் கையால் போடுங்கள்.

மூடிய பரப்புக்கு மொத்த வளைமை 2π × ஆய்லர் எண் (பரப்பை முக்கோணங்களாகப் பிரித்தால் முனைகள் − ஓரங்கள் + முகங்கள்). கோளத்துக்கு 4π, வடைக்குச் சுழி. நோட்டில் ஏற்கெனவே இரண்டும் இருக்கின்றன.

மேனிஃபோல்டு வரை வந்தால்

சில பல்கலைக்கழகங்களில் கடைசி அலகில் மேனிஃபோல்டு வரும். 1854 ஜூன் 10 அன்று கோட்டிங்கனில் ரீமன் ஆற்றிய உரையில் பிறந்த எண்ணம் இது: வெளியே இருக்கும் வெளியையே விட்டுவிட்டு, ஈ, எஃப், ஜி போன்றவற்றை மட்டும் கொண்டு எத்தனை பரிமாணத்திலும் வடிவியல் செய்வது. எறும்பின் பார்வை பழகியவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. தொடு வெக்டரை "வகையிடும் செயல்" என்று வரையறுப்பது மட்டும் உறுத்தும். சார்பு ஒன்றை அந்தத் திசையில் வகையிட்டால் என்ன வரும் என்று கோளத்தில் இரண்டு மூன்று சார்புகளுக்குப் போட்டுப் பார்த்தால் உறுத்தல் போய்விடும். மேலே படிக்க ஆர்வமுள்ளவர்கள் தெரிந்துகொள்ளலாம்: சென்னை லயோலா கல்லூரியில் படித்த சுப்பராமையா மீனாட்சிசுந்தரம், ஸ்வீடனைச் சேர்ந்த பிளையெலுடன் 1949-இல் எழுதிய கட்டுரை ரீமன் மேனிஃபோல்டின் லாப்லாஸ் ஆபரேட்டரைப் பற்றியது. அதில் வரும் விரிவு இன்றும் இத்துறையில் அவர்கள் இருவர் பெயராலேயே வழங்குகிறது.

நேரமும் சரிபார்ப்பும்

ஒரு மணி வகுப்புக்கு இரண்டு மணி கைக்கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் அரை மணியில் அன்றைய வரையறையைப் புத்தகம் பார்க்காமல் எழுதி, மீதியில் எட்டுப் பரப்புகளில் மூன்றிலாவது அதைப் போடுங்கள். ஜியோஜீப்ராவின் முப்பரிமாணப் பக்கம் இலவசம், பரப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்க உதவும். சிம்பை போன்ற மென்பொருளில் கிறிஸ்டஃபெல் குறியீடுகளைச் சரிபார்க்கலாம். ஆனால் கையால் போட்ட பிறகு மட்டும். முதலிலேயே கணினியிடம் கொடுத்தால் அந்த 2 எங்கிருந்து வந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

தேர்வறையில் கணினி இல்லை, அங்கே அலகுச் சோதனை கைகொடுக்கும். பரப்பை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் முதன்மை வளைமைகளும் சராசரி வளைமையும் பாதியாகும், காஸ் வளைமை கால்வாசியாகும், மொத்த வளைமை மாறாது. அதாவது காஸ் வளைமை எப்போதும் 1/நீளம்² என்ற அலகில் வர வேண்டும். டோரஸுக்குக் கொசைன் யு ÷ (பெரிய ஆரம் + சிறிய ஆரம் × கொசைன் யு) என்று விடை வந்திருந்தால் அலகு 1/நீளம் மட்டுமே. பகுதியில் சிறிய ஆரம் ஒன்று விடுபட்டிருக்கிறது. ஜி-யையும் என்-ஐயும் போட்டு ஈ, எல் இரண்டையும் மறந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.